இலவம்பஞ்சுச் சட்டை போட்ட ஹார்மோனியம்

1

மலாயாவுக்குப் போனவரை நம் ஊரில் "பிறநாட்டில் இருக்கிறார்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். மதுரைக்கு வந்தவளுக்கு அந்த மரியாதை கிடையாது. யாழ்ப்பாணத்தில் என்னை விசாரிப்பவர்களுக்கு என் அக்கா இன்னும் சொல்லும் பதில், "மீனாட்சியம்மனைக் கும்பிடப் போனவள், இன்னும் திரும்பேல்லை" என்பதுதானாம். இந்த ஆவணியோடு அந்தக் கும்பிடலுக்கு இருபத்திரண்டு வருடம் முடிகிறது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. ஒரு ரயில், ஒரு சின்னக் கப்பல், மறுபடி ஒரு ரயில். கப்பலில் வாந்தி எடுத்து முடிப்பதற்குள் தனுஷ்கோடி வந்துவிடும். இதை யார் பிறநாடு என்று ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் மலாயாவிலிருந்து கடிதம் வருவதே நின்றுபோன இந்த யுத்த நாட்களில், கடிதம் போட்டால் பதில் வரும் தூரத்தில் இருப்பவள் என்று எனக்கும் கொஞ்சம் மதிப்புக் கூடியிருக்கிறது.

அந்த மதிப்பைச் சென்ற மாதம் நானே கெடுத்துக்கொண்டேன். என் மகள் யோகம் கப்பலேறி வருகிறாள், இனி அங்கேதான் இருப்பாள் என்று அக்காவுக்கு எழுதியிருந்தேன். அக்கா ரயிலடிக்குப் போய் நின்றிருக்கிறாள். ரயில் வந்தது, யோகம் வரவில்லை. ஏன் என்று கேட்டு நாலு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. நாலு பக்கத்திலும் அந்த ஒரே கேள்விதான். அவளுக்கு மட்டும் பதில் எழுதினால் ஊருக்குள் அது வேறு கால் கை முளைத்துச் சுற்றும். ஆகவே உங்கள் எல்லாருக்குமாகப் பத்திரிகையில் எழுதிவிடுகிறேன்.

தெருமுனையில் பஸ்ஸின் ஊதல் கேட்டால் பேனாவைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். எழுத்துக் கோணியிருந்தாலும் அச்சில் தெரியாது என்பது ஒரு வசதி.

2

நான் படித்த பள்ளியில் ஒரு ஹார்மோனியம் இருந்தது. இருந்தது என்பதை நாங்கள் கேள்விப்பட்டுத்தான் அறிந்திருந்தோம். அது தலைமையாசிரியையின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் வெளியே வரும். விழா முடிந்ததும் உள்ளே போகும். அலமாரியின் பூட்டுத் திறக்கும் ஓசைதான் எனக்குத் தெரிந்த முதல் சங்கீதம். ஒரு கட்டையையாவது ஒரு தடவை அழுத்திப் பார்க்கவேண்டும் என்று ஆறு வருடம் ஆசைப்பட்டு, அந்த ஆசையோடேயே பள்ளியை விட்டு வந்தேன்.

கல்யாணத்தின்போது அப்பா எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தயங்கவே இல்லை, ஹார்மோனியம் என்றேன். அந்தக் கைப்பெட்டியோடுதான் கடல் கடந்தேன். தனுஷ்கோடியில் சுங்கத்து உத்தியோகத்தர், உள்ளே வேறு ஏதோ ஒளித்திருக்கிறேன் என்று சந்தேகப்பட்டு, வாசித்துக் காட்டச் சொன்னார். கப்பல் மயக்கம் தீராத நிலையில் ஒரு தேவாரம் வாசித்தேன். பாதியிலேயே அவர் போதும் என்று முத்திரை குத்திவிட்டார். அவர் உருகினாரா பயந்தாரா என்று இன்றுவரை தெரியாது.

இங்கே என் கணவர் மில் அலுவலகத்தில் எழுத்தர். எனக்கு ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் "பின்னேரம் கதைக்க வாருங்கோ" என்றேன். நாலு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு, ராஜா கதையா ராட்சசன் கதையா என்று ஆவலோடு வந்து உட்கார்ந்தார்கள். சும்மா பேசத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி ஏமாற்ற மனமில்லாமல் ஒரு கதை சொல்லி அனுப்பினேன்.

இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. என் வீட்டிலேயே மதுரை பேசும் ஒருத்தி பிறந்து வளர்ந்துவிட்டாள். "அம்மா, கடைக்குப் போறேன், வெரசா வாரேன்" என்பாள் யோகம். "எம்புட்டு அரிசி போடட்டும்?" என்பாள். "எவ்வளவு" என்று திருத்துவேன். "அம்புட்டும் ஒண்ணுதானம்மா, சோறு வெந்தாப் போதும்" என்பாள். என் வயிற்றில் பிறந்த பிள்ளை என்னோடு பேசும்போது பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல இருக்கும்.

எங்கள் பள்ளியில் பயிற்சி முடித்துக் கிராமங்களுக்குப் போன ஆசிரியைகள் விடுமுறையில் வந்தால் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: வாய்ப்பாடு இருக்கிறது, பிரம்பு இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. இந்த ஜில்லா நம் குடாநாட்டைப் போலச் சைக்கிளில் சுற்றிவரக் கூடியதல்ல. வடக்கே மேலூரைத் தாண்டினால் பாறையும் கண்மாயும். தெற்கே திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல் காடு. ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் நடுவே வெயிலைத் தவிர ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஹார்மோனியம் வாங்கிக் கொடுக்க எந்தக் கடவுளாலும் முடியாது. ஆனால் ஒரு ஹார்மோனியம் எல்லாப் பள்ளிக்கும் போகலாம் அல்லவா? அலமாரிக்குள் கிடக்காத ஒரு பெட்டி. என்னைத் தூங்கவிடாத யோசனை அது.

மனு எழுதினேன். பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து, ஹார்மோனியம் எந்தத் தலைப்பில் வரும் என்று பதில் வந்தது. புத்தகமா, எழுதுபொருளா, மரச்சாமானா? மரத்தால் செய்ததுதானே என்று மரச்சாமான் என்று எழுதினேன். அப்படியானால் கால் எத்தனை என்று கேட்டார்கள். கால் இல்லை என்றேன். காலில்லாத மரச்சாமான் பலகை என்றும், பலகைக்கு ஆசிரியர் தேவைப்படாது என்றும் மூன்றாவது கடிதம் வந்தது. நானே நேரில் போய், குமாஸ்தாவின் மேஜைமேல் பெட்டியை வைத்து வாசித்தேன். தனுஷ்கோடியில் பலித்த வித்தை இங்கும் பலித்தது. ஒரு வருடம் ஒன்பது பள்ளிகளில் நடத்திப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. வருட முடிவில் இன்ஸ்பெக்டர் எல்லாப் பிள்ளைகளையும் மேலூரில் ஒன்றாகப் பாடக் கேட்பார். அவருக்குத் திருப்தி என்றால் பாட்டு ஒரு பாடமாகும், ஊர் ஊராகப் போகும் பாட்டு ஆசிரியை என்று ஒரு வேலையும் உண்டாகும். அதுவரை பெட்டியும் ஆசிரியையும் மனுதாரர் பொறுப்பு.

பெட்டி என்னிடம் இருந்தது. ஆசிரியையாகப் போகிறேன் என்று, அப்போதுதான் பயிற்சி முடித்திருந்த யோகம் முன்னால் வந்து நின்றாள்.

3

பெட்டியை ஊர் ஊராக அனுப்பலாம் என்று மனு எழுதியவளும் நான்தான். அனுப்பும் நாள் நெருங்கியபோது பயந்தவளும் நான்தான். பஸ் கூரையில் போகும், மாட்டுவண்டியில் இடிபடும், புழுதி புகும். அடுத்த வீட்டுக் காதர் பாய் மெத்தைக் கடை வைத்திருப்பவர். அவரிடம் போனேன்.

"பாய், இந்தப் பெட்டிக்கு ஒரு உறை தைக்க வேணும். இடிபடக் கூடாது, புழுதி போகக் கூடாது, வெயிலும் படக் கூடாது."

"தங்கச்சி, பொட்டிக்கா, புதுமாப்பிள்ளைக்கா?"

"பெட்டிக்குத்தான்."

"அப்ப இலவம்பஞ்சு போட்டு ஜோரா ஒரு சட்ட தைச்சிருவோம். ஒசத்திப் பஞ்சு. உள்ள படுத்தா எனக்கே எந்திரிக்க மனசு வராது."

சொன்னபடியே தைத்தார். கட்டைகள் இருக்கும் முன்பக்கத்தில் தூக்கிவிடும் ஒரு மடிப்பு. துருத்தி அசையும் பின்பக்கத்தில் தளர்வாக ஒரு பை. உறையைக் கழற்றாமலே வாசிக்கலாம். அந்த யோசனை என்னுடையது. பெருமையாகக்கூட இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அடிப்பக்கத்தை நானே ஊசி நூலால் தைத்து மூடினேன்.

"பிள்ளை, இதைக் கழற்றப்படாது. பெட்டியைத் திறக்கப்படாது. என்ன வந்தாலும் திறக்கப்படாது" என்றேன்.

"பிள்ளைக உள்ள எப்பிடி இருக்குன்னு பாக்கணும்னு கேப்பாங்களேம்மா?"

"பெட்டி பார்க்கிறதுக்கு இல்லை, பாட்டுக்கு."

யோகம் செய்த ஏற்பாடு இது. கட்டைகளின்மேல் ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டினாள். கண்மாய் நிரம்பியதைப் பற்றித் தானே ஒரு சின்னப் பாட்டுக் கட்டி, எந்தக் கட்டைக்குப் பின் எந்தக் கட்டை என்று தாளில் எழுதினாள். ஒரு பள்ளிக்குப் போவாள். ஒரு நாள் தங்கிப் பாடிக் காட்டுவாள். அந்த ஊர் வாத்தியாருக்கு எண்ணைப் பார்த்து அழுத்தப் பழக்குவாள். பெட்டி இரண்டு வாரம் அங்கே இருக்கும். அதுவரை பக்கத்து ஊரில் எங்கள் பழைய மாணவி யாருடைய வீட்டிலாவது தங்கியிருந்து, பிறகு வந்து அடுத்த ஊருக்கு எடுத்துப் போவாள். வாத்தியார்களுக்குச் சங்கீதம் தெரியாது, எண் தெரியும். அது போதும் என்று நினைத்தோம்.

மூன்றாவது பள்ளியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. "அம்மா, அஞ்சாம் கட்டை பேச மாட்டேங்குது. தெறந்து பாக்கவா?"

அன்றைக்கே பெரிய எழுத்தில் பதில் போட்டேன்: "திறக்கப்படாது. மேலே மெதுவாகத் தட்டிப் பார்."

அடுத்த அட்டை: "தட்டினேன். ஏழாம் கட்டையும் போச்சு."

முழுச் சுற்றும் முடிந்து வீட்டுக்கு வரட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். பெட்டி நான் போட்டுவிட்ட சட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி எனக்கு.

4

பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் இங்கே பஸ்கள் கரி தின்று ஓடுகின்றன. பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகைந்துகொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் யோசித்துக்கொண்டு வரும். எட்டாம் பள்ளியிலிருந்து பெட்டியை எடுத்து ஒன்பதாம் பள்ளிக்குப் போகும் வழியில் யோகம் ஓர் இரவு வீட்டுக்கு வருவதாக இருந்தது. சாயங்காலம் பஸ் ஊதல் கேட்டு வாசலுக்குப் போனேன். கண்டக்டர் சோலை தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு சந்துக்குள் வந்தார்.

"அக்கா, பொட்டி வந்துருச்சு, ஒரு கை பிடிங்க."

"பிள்ளை எங்கை?"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"மேலூருக்கு அங்கிட்டு ஏத்தத்துல வண்டி மூச்சு விட்டுருச்சுக்கா. எல்லாரையும் எறங்கித் தள்ளச் சொன்னோம். தங்கச்சியும் தள்ளுச்சு. வண்டி கிளம்பிருச்சு. கிளம்பின வண்டிய நிப்பாட்டினா அடுப்பு அவிஞ்சிரும், பொறவு விடிய விடிய ஊதணும். 'மாப்ள, மெதுவா உருட்டு'ன்னு டிரைவர்ட்டச் சொன்னேன். ஓடியாந்தவங்க அம்புட்டுப் பேரும் தொத்திக்கிட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

"நினைச்சீரோ? எண்ணிப் பார்க்கேல்லையோ?"

"எண்ணுனேங்க்கா. எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு." பெட்டியை இறக்கி வைத்தார். "வழியில யாரோ புதுசா ஒரு ஆளு ஏறிருக்காங்க போல."

அந்த இரவைப் பற்றி நான் எழுத மாட்டேன். என் கணவர் "அவள் கெட்டிக்காரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் என்பதும், முகத்தில் ஈ ஆடவில்லை என்பதும் மட்டும் போதும்.

மறுநாள் காலையில் ஒரு வைக்கோல் வண்டி சந்துமுனையில் நின்றது. உச்சியிலிருந்து யோகம் சறுக்கி இறங்கினாள். தலை முழுக்க வைக்கோல். முதல் வார்த்தை:

"பொட்டி பத்திரமா வந்துச்சாம்மா?"

"பெட்டி வந்தது! பெட்டி வந்ததடி! நீ எங்கை போனனீ?"

"பஸ்ஸு போயிருச்சு. நான் என்ன, கயிறு கட்டியா இழுக்க முடியும்? பக்கத்துல ஒரு ஊரு. சின்னப் பள்ளிக்கூடம், நம்ம லிஸ்டுல இல்லாதது. வாத்தியார் வீட்டுல கூழு குடுத்தாங்க. பிள்ளைகள்லாம் வந்துருச்சுக. பொட்டி இல்லாமலே பாட்டைச் சொல்லிக் குடுத்துட்டேன். இப்பப் பத்து ஊரும்மா!"

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அது நடுவில் இருந்த பெட்டியின்மேல் விழுந்தது. உறை தடிமனாக இருந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை.

அன்றே கடல் கடக்கும் அனுமதித் தாளுக்கு எழுதிப் போட்டேன். மேலூர் விழா மட்டும் முடியட்டும். அதன்பின் யோகம் யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் இருப்பாள். பக்கத்திலேயே பள்ளி, மதில் உண்டு, பூட்டிவைக்கக் கேற் உண்டு, பஸ்ஸே வேண்டாம்.

"கையெழுத்துப் போடுறன்" என்றார் என் கணவர். "ஆனால் நீர் பிள்ளையைக் கேட்டனீரே?"

கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்தால் யார் கேட்பார்கள்?

5

அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் மூன்று வரிசைகள். நான் இரண்டு வரிசைகளில் தப்பாக நின்று மூன்றாவதுக்கு வந்தேன். குமாஸ்தா நல்லவர், ஆனால் படிவம் பொல்லாதது.

"பொண்ணு எங்க பொறந்துச்சு?"

"மதுரையில்."

"அப்ப புதுசாப் போறாளா, திரும்பிப் போறாளாம்மா? ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்."

"திரும்பி" என்றேன்.

"இதுக்கு முந்தி எப்பப் போயிருந்துச்சு?"

போனதே இல்லை. இதுவரை காணாத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்பிப் போவாள் என்று அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "திரும்பித்தான்" என்று அழுத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

தாள் வந்தது. காகிதம் கிடைக்காத இந்தக் காலத்தில் அப்படி ஒரு தாளை நான் தொட்டதில்லை. மெல்லியது, ஆனால் விறைப்பானது. விரலால் சுண்டினால் ஓசை வந்தது. ஓரத்தில் அகலமாக வெள்ளை. அடியில் முத்திரை: ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும்.

யோகத்திடம் காட்டினேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிம்மா. போகச் சொன்னாப் போறேன். ஆனா மேலூருக்கு நீயும் வா. ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்பறம் போகச் சொல்லு."

6

அதே பஸ்ஸில்தான் போனோம். நான், யோகம், பெட்டி. ஒன்பதாம் பள்ளியிலிருந்து பெட்டி முதல் நாள் இரவுதான் வந்திருந்தது; விழா முடியட்டும், பிறகு திறக்கலாம் என்று விட்டிருந்தேன். தான் தைத்த சட்டை மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று காதர் பாயும் வந்தார். ஒவ்வொரு மேட்டிலும் நான் யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். சோலை ஒவ்வொரு மேட்டிலும் எங்களை எண்ணினார்.

மேலூர்ப் பள்ளியின் முற்றத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். கண்மாய்க்கரையிலிருந்தும் கரிசல் பக்கத்திலிருந்தும் வண்டி கட்டி, சிலர் விடியுமுன்னே நடந்து. அறுப்புக்கு வயலில் நிற்க வேண்டியவர்கள் பாதிப் பேர். அன்று எண்ணெய் தேய்த்துத் தலைவாரி வரிசையில் நின்றார்கள். பட்டியலில் இல்லாத பத்தாவது ஊரும் ஓரமாக வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். மெலிந்த, சிரிக்கப் பழகாத முகம்.

"ஒரே பாட்டு, எல்லாரும் சேர்ந்து. ஆரம்பிக்கலாம்" என்றார்.

யோகம் உறையின் மடிப்பைத் தூக்கி, துருத்தியை அமுக்கினாள். முதல் அடி அழகாகத்தான் போயிற்று. ஐந்தாம் கட்டை வரும் இடம் வந்தது. பெட்டி ஊமையானது. முதல் பள்ளிப் பிள்ளைகள் அந்த இடத்தைப் பாடினார்கள். மூன்றாம் பள்ளிப் பிள்ளைகள் டப் என்று ஒரு கை தட்டினார்கள். ஐந்தாம் பள்ளி, மாடு ஓட்டுவதுபோல "ஹை!" என்றது. ஆறாம் பள்ளி தரையில் ஓங்கி மிதித்தது. ஒன்பதாம் பள்ளிக்கு வந்தபோது பாட்டில் மூன்று ஸ்வரமும் ஏராளமான தைரியமும் மட்டுமே மிச்சமிருந்தன. மற்ற இடமெல்லாம் தட்டலும் மிதிப்பும் ஹையும்தான். அடுத்த மைதானத்தில் கட்டியிருந்த வண்டி மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தன.

இன்ஸ்பெக்டர் கை உயர்த்தினார். எல்லாம் நின்றது. ஒரே ஒரு "ஹை" மட்டும் தாமதமாக வந்தது.

"இது எத்தனை பாட்டு?"

"ஒரே பாட்டுத்தான் சார்" என்றாள் யோகம். "பொட்டி ஊருக்கு ஊரு கொஞ்சம் கொஞ்சமா வாய மூடிக்கிச்சு. நான் இருந்தது ஒரு நாளு. பொட்டி இருந்தது ரெண்டு வாரம். பிள்ளைக பொட்டியத்தான் நம்புச்சுக. அது பேசாத எடத்துல அதுகளா ஒண்ணு போட்டுக்கிச்சுக."

"பெட்டி பழுதென்றால் திறந்து பார்ப்பதுதானே?"

யோகம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டரின் பேனா பதிவேட்டை நோக்கிப் போயிற்று.

"நான்தான் திறக்கப்படாது என்றேன்" என்று எழுந்தேன். "இப்போது திறக்கிறேன். கால் மணி நேரம் கொடுங்கள்."

அடித்தையலைப் பல்லால் கடித்து அறுத்தேன். சோலை பஸ்ஸிலிருந்து திருப்புளி கொண்டுவந்தார். இரண்டு வாரம் பெட்டியோடு இருந்தும் உள்ளே பார்த்தறியாத பிள்ளைகள் வரிசையை விட்டுவிட்டுச் சுற்றி நெருங்கினார்கள். மேல்பலகை வந்தது. அடுத்த பலகையையும் எடுத்தேன். ஒலி தரும் பித்தளை நாக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஊமை நாக்கின் அடியிலும் வெள்ளையாக, மென்மையாக ஒரு சிட்டிகைப் பஞ்சு.

பாதையின் புழுதி ஒரு துளி உள்ளே போகவில்லை. துருத்தி ஒவ்வொரு தடவை மூச்சு இழுத்தபோதும் நான் போர்த்திய பஞ்சைத்தான் இழுத்திருந்தது.

காதர் பாய் எட்டிப் பார்த்தார். "யா அல்லா, நம்ம பஞ்சா இது?" என்றவர், உடனே தாழ்ந்த குரலில், "தங்கச்சி, பஞ்சுல குத்தம் சொல்லாதீங்க. ஒசத்திப் பஞ்சு. அதான் இம்புட்டு லேசாப் பறந்து போயிருக்கு" என்றார்.

பஞ்சை எடுக்க ஒரு வழிதான் உண்டு. மெல்லிய விறைப்பான தாளை நாக்கின் அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். யாரிடமும் அப்படித் தாள் இல்லை. பிள்ளைகளிடம் சிலேட்டு. வாத்தியார் கொடுத்த பழைய பத்திரிகை மடங்கிப்போனது. பனையோலை நாக்கை வளைத்துவிடும். எல்லாரும் இன்ஸ்பெக்டரின் பதிவேட்டைப் பார்த்தார்கள். அவர் அதை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"இது சர்க்கார் தாள்" என்றார்.

என்னிடமும் சர்க்கார் தாள் ஒன்று இருந்தது. கைப்பையில், நாலாக மடித்து. வெளியே எடுத்தபோதே யோகத்துக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா..." என்றாள்.

"ஓரம்தான். வெள்ளை ஓரம்" என்றேன்.

ஓரத்தை மட்டும் கிழித்தேன். ஐந்தாம் நாக்கின் அடியில் நுழைத்து இழுத்தேன். பஞ்சு வந்தது. ஊதிப் பார்த்தோம், பேசியது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். ஏழாம் நாக்குக்கு மறு ஓரம். ஆனால் நாக்குகள் நிறைய, ஓரங்கள் நாலுதான். நாலும் கசங்கி முடிந்தபோது இன்னும் ஐந்து நாக்குகள் ஊமையாக இருந்தன. தாளை விரித்துப் பார்த்தேன். கப்பல், மதில், கேற் எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. முன்னால் வெயிலில் ஒரு பெண் குழந்தை, எண்ணெய் வழிந்த நெற்றியோடு, பெட்டியின் உள்ளே விரலை நீட்டி, தொடாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொடு" என்றேன். தொட்டது.

மிச்சத்தையும் நீளவாக்கில் கிழித்தேன்.

"அம்மா, இதுல எம் பேரு இருக்கு" என்றாள் யோகம், ஒரு துண்டைக் கையில் வாங்கி.

"இருக்கட்டும். மேல் கட்டை அடியிலை விட்டு இழு. பார்த்து, வளையாமல்."

பெட்டியை மூடி, உறை இல்லாமல், வெறும் மரமாகப் பெஞ்சின்மேல் வைத்தோம். யோகம் மறுபடி வாசித்தாள். ஐந்தாம் கட்டை கணீரென்று பேசியது. மூன்றாம் பள்ளி வழக்கம்போலக் கை தட்டிவிட்டு, திகைத்து நின்றது. அந்த விரல் நீட்டிய குழந்தைதான் முதலில் கத்தியது:

"டீச்சர், பொட்டி தப்பாப் பாடுது! அங்கன சத்தம் வரக் கூடாது டீச்சர்!"

"ஆமா டீச்சர்! அது கையி தட்டுற எடம்!"

"தட்டுற எடமில்லடா, மிதிக்கிற எடம்!" என்றது ஆறாம் பள்ளி.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வெகு நேரம் கழித்துத் தொப்பி இறங்கியபோது முகம் பழையபடி கண்டிப்பாக இருந்தது, கண்மட்டும் ஈரம்.

"எல்லாவற்றையும் சேர்த்தே பாடுங்கள்" என்றார். "பெட்டியும் பாடட்டும். தட்டுகிறவர் தட்டட்டும்."

பாடினார்கள். நான் இதுவரை பயிற்றுவித்த எந்தப் பாட்டும் இப்படி இருந்ததில்லை. பதிவேட்டில் அவர் என்ன எழுதினார் என்பது இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. பாட்டு ஒரு பாடம். ஊர் ஊராகப் போக ஓர் ஆசிரியை. தலைப்பு: மரச்சாமான், கால் இல்லை.

7

ஆக, அக்கா, நீ ரயிலடியில் நின்ற நாளில் யோகத்தின் அனுமதித் தாள் மேலூர்ப் பள்ளி முற்றத்தில் பஞ்சோடு பஞ்சாகக் கிடந்தது. முன்கூட்டியே எழுதியிருக்கலாம். எழுத வெட்கமாக இருந்தது. இன்னொரு தாளுக்கு மனுப் போடலாம் என்று நீ எழுதுவாய். புதிதாகப் போகிறாளா, திரும்பிப் போகிறாளா என்று அந்தப் படிவம் கேட்கும் கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரியும். அதனால் போட மாட்டேன்.

காதர் பாய் அந்த உறையைப் பிரித்து எனக்கு இரண்டு தலையணை தைத்துக் கொடுத்தார். ஒசத்திப் பஞ்சுதான், சந்தேகமில்லை.

நேற்றுக் காலை யோகம் மறுபடி கிளம்பினாள். இந்தத் தடவை தெற்கே, கரிசல் பக்கம். பெட்டியைச் சும்மா ஒரு துண்டில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸைத் தள்ளச் சொன்னால் தள்ளாதே என்றேன். "எல்லாரும் தள்ளும்போது நான் மட்டும் மகாராணி மாதிரி உக்காந்திருக்கவாம்மா? வாரேன்" என்றாள். ஊதல் தேயும்வரை வாசலில் நின்றேன். இன்றும் இரண்டு தடவை போய் நின்றேன்.

பெட்டிக்குள் பஞ்சோ புழுதியோ அடைத்தால் எடுக்க, அந்தத் தாளின் ஒரே ஒரு துண்டை மட்டும் பத்திரமாக வைத்து அனுப்பியிருக்கிறேன். முத்திரை இருக்கும் துண்டு. ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும் என்று போட்டிருக்கிறது. மேலூருக்குப் பிறகு இது அதற்கு ஐந்தாவது பயணம்.